பூசணிக்காய் உடைந்த சத்தம்

சனிக்கிழமை காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு அது தொடங்கியது. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம், கிளை நூலகத்தின் சுவர்க்கடிகாரம் எனக்கு நேர் எதிரே இருந்ததுதான். பதினொரு மணிக்கு நூலகத்தைப் பூட்டுவார்கள், மறுபடி மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். அதற்குள் கதை முடிய வேண்டுமே என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நாற்பதுக்கு நூலகர் ஒரு கட்டையை ஓங்கி, சாக்கு போர்த்தியிருந்த மண்ணெண்ணெய்த் தகரத்தின் மேல் ஒரே போடாகப் போட்டார். 'டொம்' என்றது.

எதிரே பாயில் பதினேழு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் நான்கு, ஐந்து வயதுக்காரர்கள். என் மகளும் அவர்களில் ஒருத்தி. சிரிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. அத்தனை பேரும் எழுந்தார்கள். ஒருத்தி, கூடவே கூட்டி வந்திருந்த கைக்குழந்தைத் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். வாசலில் நெரிசல் இல்லை, கூச்சல் இல்லை. தெருவில் இறங்கியதும் வலப்பக்கம் சிலர், இடப்பக்கம் சிலர், சந்துக்குள் சிலர் என்று ஓடினார்கள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பாய் காலி. நூலகர் கட்டையோடு நின்றார். நான் அசட்டுத்தனமாகச் சிரித்தபடி, "பயந்துட்டாங்க போல" என்றேன். அப்புறம்தான் என் மகள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தேன்.

ஏழு வருடம் ஆகிறது. மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. இதை எழுதும்போது அடுத்த அறையில் உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறாள். குரல் சற்று நின்றால் நான் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இந்தப் பக்கத்தை எழுதி முடிப்பதற்குள் இரண்டு முறை போய்வந்தாயிற்று.

நான் பாளையங்கோட்டையில் படித்தவள். ஆசிரியப் பயிற்சி முடித்து, கல்யாணமாகிச் சிவகாசிக்கு வந்து, மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் பாலர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். கணவருக்கு விருதுநகரில் ஓர் எண்ணெய் வியாபாரியிடம் வேலை. திங்கட்கிழமை விடியற்காலை போனால், சனிக்கிழமை ஆமத்தூர் வழியாக வரும் மாலை ஏழு மணி பஸ்ஸில் திரும்புவார். எனக்கு முப்பத்தாறு வயதில் பிறந்த ஒரே பிள்ளை இவள். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளைப் பதறாமல் மேய்ப்பேன். வீட்டில் இவள் இரண்டு முறை சேர்ந்தாற்போல் இருமினால் எனக்குச் சோறு இறங்காது.

பள்ளிக்கூடம் போகும் வயது வராத பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் கதை சொல்ல வேண்டும், அதன் மூலம் புத்தகத்தையும் எழுத்தையும் பழக்க வேண்டும் என்று மாவட்ட நூலக அலுவலகத்திலிருந்து கிளை நூலகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. எங்கள் ஊர் நூலகர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் தலைமையாசிரியையிடம் வந்தார். "படிக்கிற பிள்ளைகளையே நான் உள்ள விடறதுக்கு யோசிக்கிறவன். படிக்காத பிள்ளைகளை வச்சு என்ன செய்யன்னு தெரியலை" என்றார். தலைமையாசிரியை என்னைக் கைகாட்டிவிட்டார். பயிற்சி பெற வேண்டியவர்கள் இரண்டே பேர், நூலகரும் அட்டெண்டரும். நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதனால் வெள்ளி மாலைகளில் அங்கே போய் இருவருக்கும் கதை சொல்லக் கற்றுக்கொடுத்தேன். ஐந்து வெள்ளிக்கிழமைகள்.

நூலகருக்கு ஐம்பது வயதிருக்கும். நூலக வேலைக்கு வருமுன் ஒரு லித்தோ அச்சகத்தில் புரூப் பார்த்தவர். அச்சகத்தில் ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிப்பார், இன்னொருவர் அச்சடித்ததை அதனோடு ஒப்பிட்டுத் திருத்துவார். வாசிப்பவர் ஒரு புள்ளியைக்கூட விடாமல் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடம் அப்படி வாசித்த வாய். முதல் வெள்ளிக்கிழமை நான் எழுதிக்கொடுத்த கதையை எழுந்து நின்று வாசித்தார்.

"ஒரு மலைமேல கமா ஒரு தோட்டத்துல கமா ஒரு பெரிய பூசணிக்காய் இருந்தது புல்ஸ்டாப்."

"சார், பிள்ளைகளுக்குப் புல்ஸ்டாப் வேண்டாம்" என்றேன்.

"இல்லாம எப்படி டீச்சர்? வாக்கியம் எங்கன முடியுதுன்னு அதுகளுக்குத் தெரிய வேண்டாமா?"

மூலையில் நின்ற அட்டெண்டர் சொன்னார்: "நீங்க மூச்சு விட்டீகன்னா முடிஞ்சிருச்சுன்னு தெரிஞ்சுக்கிடும் சார். நீங்கதான் மூச்சே விட மாட்டேங்கீக."

மூன்று வாரம் பாடுபட்டு அவர் வாயிலிருந்து புள்ளிகளை எடுத்தேன். நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார வைத்தேன். புத்தகத்தைத் தன் பக்கம் பிடிக்காமல் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடிக்கவும், வாசிக்கும் வார்த்தைக்குக் கீழே விரலை நகர்த்தவும் பழக்கினேன். பக்கத்தைப் பிள்ளைகளே புரட்டட்டும் என்றபோதுதான் பெரிய வழக்கு. எங்கள் ஊர்ப் பாதி வீடுகளில் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுவார்கள். பிள்ளைகளின் கையில் எப்போதும் பசை காய்ந்து தோலுரிந்துகொண்டிருக்கும். அந்தக் கைகளை நினைத்ததும் நூலகர் கண்ணாடி அலமாரியின் சாவியை இடுப்பில் இன்னும் கொஞ்சம் இறுக்கிச் செருகிக்கொண்டார்.

ஆனால் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நான்காவது வெள்ளிக்கிழமை தன் பழைய அச்சகத்திலிருந்து, கழித்துப் போட்ட லேபிள் தாள்களை ஒரு கட்டு வாங்கி வந்திருந்தார். கிளி, மான், யானை, தாமரை என்று எல்லாம் இருந்தன, ஆனால் வண்ணம் விலகி விழுந்தவை. கிளியின் சிவப்பு மூக்கு கிளிக்கு அரை அங்குலம் முன்னால் தனியாகப் பறந்துகொண்டிருக்கும். அவற்றை வெட்டி அட்டையில் ஒட்டி, அடியில் பெரிதாக ஒவ்வோர் எழுத்து எழுதியிருந்தார். "இதைப் பசைக்கையோட தொடட்டும் டீச்சர். ஏற்கெனவே கெட்டதுதானே" என்றார். அந்த அட்டைகளை வைத்து எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கற்றுக்கொண்ட எழுத்துகளை நான் ஒரு வருடம் பலகையில் எழுதியும் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. மூக்கு பறந்துபோன கிளிக்காகவே 'கி'யைப் பிள்ளைகள் தேடித் தேடி எடுத்தார்கள்.

அட்டெண்டர் வேறு மாதிரி. முன்பு வெடி ஆபீசில், அதாவது பட்டாசுத் தொழிற்சாலையில், வேலை செய்தவர், இடக்கையில் இரண்டு விரல் இல்லை. கதை சொல்லுங்கள் என்றால், "எனக்கு வாய் வராது டீச்சர். 'சத்தம் போடாதே'ன்னு சொல்றதுதான் எனக்குச் சம்பளமே" என்று ஒதுங்கிக்கொள்வார். அப்புறம் முதல் சனிக்கிழமையன்று ஒரு பிள்ளை, "மாமா, விரல் எங்க?" என்று கேட்டது. அவர் யோசிக்கவே இல்லை. "ஆனைக்குட்டம் கண்மாயிலே குளிச்சேனா, ஒரு ஆமை, 'கொஞ்சம் கடன் குடு, வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிட்டுத் தாரேன்'னு வாங்கிட்டுப் போச்சு. இன்னும் தரலை." அடுத்த வாரம் விரல்களை அணில் கொண்டுபோயிருந்தது. அதற்கடுத்த வாரம் அவை மெட்ராசுக்கு ரயிலேறிப் போயிருந்தன. உண்மை அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர்களின் அப்பாக்கள், சித்தப்பாக்கள் கைகளும் அப்படித்தான் இருந்தன. தெரிந்துகொண்டே ஒவ்வொரு வாரமும் கேட்டார்கள். பாயை விட்டு உருண்டு சிரித்தார்கள். என் பயிற்சிக் குறிப்புகளில் இதற்கு இடமே இருக்கவில்லை. நான் அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நூலகருக்குக் குரல் ஏறவில்லை. புள்ளிகள் போன பிறகும் அவர் கதை சமதரையாகவே ஓடியது. பூசணிக்காய் மலையிலிருந்து உருண்டு வரும், ஆடு நிறுத்தப் பார்க்கும், மாடு நிறுத்தப் பார்க்கும், கடைசியில் கண்மாய்க் கரையில் மோதி உடையும். அந்த இடத்தில் அவர், "டொம் என்று உடைந்தது" என்று செய்தித்தாள் வாசிப்பது போல வாசிப்பார். பிள்ளைகளுக்குக் கதை காதில் விழுந்தால் போதாது, உடம்பிலும் விழ வேண்டும், ஒரு சத்தம் இருந்தால் குதித்துச் சிரிப்பார்கள் என்று எனக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் மேசையை விரலால் தட்டித்தான் ஒத்திகை பார்த்தோம். அந்தச் சனிக்கிழமை காலையில் நான் கிளம்பும்போது அடுக்களை ஓரத்தில் காலித் தகரம் கண்ணில் பட்டது. எடுத்துக்கொண்டேன். வெறுந்தகரம் 'டங்'கென்று காதைக் குடையும், சின்னஞ்சிறுசுகள் பயந்துவிடக் கூடாது என்று ஒரு சாக்கையும் நான்காக மடித்து மேலே போட்டேன்.

அந்தச் சாக்குதான் தவறு. சிவகாசியில் சத்தம் புதிதில்லை. அந்தி நேரத்தில் பட்டாசுக் கம்பெனிகள் சரக்கைச் சோதித்துப் பார்க்கும். படபடவென்று சரம் வெடிக்கும், பிள்ளைகள் அதற்குத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வெறுந்தகரத்தை அடித்திருந்தால் காதைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பார்கள். பகலில், தனியாக, ஒரே ஒரு முறை, அமுங்கின குரலில் வரும் சத்தம் வேறு. தூரத்தில் எங்கோ ஒரு கம்பெனியில் மருந்து அறை வெடித்துப் போனால் ஊருக்குள் அப்படித்தான் கேட்கும். நான் அந்த ஊரில் எட்டு வருடம் இருந்திருந்தேன். எனக்கு அது தெரியவில்லை. தெரிந்த அட்டெண்டர், பானைக்குத் தண்ணீர் எடுக்க அந்த நேரம் பார்த்துத் தெருக்குழாய்க்குப் போயிருந்தார்.

அவர் குடத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தபோது தெருவில் ஆண்கள் நின்று வானத்தில் புகையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். "எந்தப் பக்கம்? ஆமத்தூர்ப் பக்கமா?" "இல்லலே, கிட்டத்துல கேட்டுச்சு." அட்டெண்டர் உள்ளே வந்து தகரத்தைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், காலிப் பாயைப் பார்த்தார். வாசலுக்குத் திரும்பி, "ஒண்ணுமில்ல, போங்க! இங்கன தகரம்தான் விழுந்துச்சு!" என்று கத்தினார்.

நான் வீட்டுக்கு ஓடினேன். வீடு பூட்டியபடி இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன், வேதக்கோயிலுக்கு ஓடினேன். ஞாயிறு பள்ளியில் அவள் வழக்கமாக உட்காரும் பெஞ்சின் அடியில் குனிந்துகூடப் பார்த்தேன். மூச்சு வாங்க நூலகத்துக்குத் திரும்பியபோது பதினொன்றரை. வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த கையோடு வந்த பெண்கள், ஓரிரண்டு ஆண்கள். பெரும்பாலோர் பிள்ளையைக் கையில் பிடித்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என்னிடம் படித்த ஒரு பையனின் அம்மா. எல்லாருக்குமாக அவளே பேசினாள்.

"ஏன் டீச்சர், கதை சொல்லச் சொன்னா கருமருந்தக் கொளுத்துவீகளா? எனக்கு ஈரக்கொல போயிருச்சு!"

நூலகர் கைகூப்பினார். "தப்பு என்னோடதும்மா. தகரத்தை அடிச்சது நான்."

"நல்லா அடிச்சீக போங்க சார். புஸ்தகத்த நிமித்திப் பிடிக்கத் தெம்பில்லாத ஆளுன்னுல்ல நெனச்சிருந்தேன்." கூட்டம் சிரித்தது. சிரிப்பில் கோபம் வடிந்தது. பிறகு அவள் என்னைப் பார்த்து, சாதாரணமாகக் கேட்டாள். "உங்க புள்ள வந்திருச்சா டீச்சர்? அதுக்கு எது இடம்?"

"என்ன இடம்?"

அவள் முகம் மாறியது. அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "முந்தியெல்லாம் சத்தம் கேட்டா புள்ளைக ஆத்தாளத் தேடி கம்பெனிப் பக்கமே ஓடி வரும் டீச்சர். புகைக்குள்ளயே வந்துரும். அதுக்காக வீட்டுக்கு ஒரு இடம் சொல்லி வச்சிருப்போம். சத்தம் கேட்டா அங்கன போயிரணும். நாங்க வந்து தொட்டுக் கூப்பிடுற வரைக்கும் யாரு கூப்பிட்டாலும் நகரக் கூடாது. என் மகனுக்குத் தண்ணித் தொட்டிக்குக் கீழே. அந்தா நிக்காளே, அவ புள்ளைக்கு ரேசன் கடைப் படி." அவள் நிறுத்தினாள். "நீங்க சொல்லி வைக்கலியா?"

அனா ஆவன்னா சொல்லிக்கொடுத்திருந்தேன். பரமண்டல ஜெபம் சொல்லிக்கொடுத்திருந்தேன். சாப்பிடுமுன் கை கழுவவும், பெரியவர்களை 'வாங்க' என்று அழைக்கவும் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

பன்னிரண்டு மணிக்குப் பதினாறு பிள்ளைகளும் வந்து சேர்ந்துவிட்டார்கள். என் மகள் வரவில்லை. பிள்ளைகளைக் கேட்டோம். எங்கள் தெருப் பக்கம் ஓடினாள் என்றது ஒன்று. இல்லை, அச்சகத்துச் சந்தில் போனாள் என்றது இன்னொன்று. அதற்குப் பிறகு ஊரே தேடியது. என்னைத் திட்டிய பெண்ணே வீடுவீடாகப் போய்க் கேட்டாள். அச்சகத்தின் பின்னால் ஒரு தோட்டக்கிணறு உண்டு. யாரோ ஒருவர் பாதாளக் கரண்டியையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் கரண்டிதான். அதன் கொக்கிகள் வெயிலில் ஆடியதைப் பார்த்தேன். நூலகத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கிணற்றில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அட்டெண்டர் என் முன்னால் வந்து குத்தவைத்து உட்கார்ந்தார். மணி ஒன்றரை இருக்கும்.

"டீச்சர், நீங்க இல்லாத நேரம் புள்ள யாருகிட்ட இருக்கும்?"

"பக்கத்து வீட்டு அக்காகிட்ட."

"அவுக என்ன வேலை?"

"எம். புதுப்பட்டியில வெடிக் கம்பெனி."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "அப்ப அவுகதான் சொல்லி வச்சிருப்பாக. இதைக் காலையிலேயே கேட்டிருக்கணும் நான்."

பக்கத்து வீட்டு அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தனி ஆள், பிள்ளை குட்டி இல்லை. விடியுமுன் கம்பெனி லாரி ஏறிப் போவார், பொழுது சாய வந்து இறங்குவார். கைகால் கழுவியதும் என் மகளைக் கூப்பிடுவார். பகலில் அவள் என்னோடு பள்ளிக்கூடத்தில் இருப்பாள், வெள்ளிக்கிழமைகளில் நான் பயிற்சிக்குப் போகும்போது அவரிடம்தான் விட்டுப்போவேன். என் மகள் அவரைப் பெரியம்மா என்பாள். அவர் என்னென்ன சொல்லிக்கொடுக்கிறார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எழுத்து வாசனை இல்லாதவர் என்ன சொல்லிக்கொடுக்கப்போகிறார் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. அப்படி நினைத்தேன் என்பதை எழுதிவிடுவதுதான் சரி.

அன்று கம்பெனியில் லோடு ஏற்றும் நாள். இரவு எட்டு மணிக்கு முன் லாரி வராது என்று காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தக் கம்பெனியில் டெலிபோனும் கிடையாது. அட்டெண்டர் நூலகரின் சைக்கிளை எடுத்தார். நானும் வருகிறேன் என்று எழுந்தேன்.

"நீங்க இங்கனயே இருங்க. புள்ள தானா வந்தா இங்கனதான் வரும். உங்களக் காணலைன்னா அது மறுபடி ஓடும்" என்று சொல்லிவிட்டு, எட்டு விரலால் கைப்பிடியைப் பற்றி ஏறி மிதித்தார்.

நூலகர் பதினொரு மணிக்கு நூலகத்தைப் பூட்டவில்லை. நானறிந்து அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. கதவு இரண்டையும் மலர்த்தி, ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்து வைத்தார். கேட்காமலே, "உள்ள ஆளில்லைன்னு நினைச்சுப் பிள்ளை திரும்பிப் போயிரக் கூடாதுல்ல" என்றார். பிறகு தகரத்தைக் கொண்டுபோய்ப் பின்கட்டில் என் கண்ணில் படாமல் வைத்துவிட்டு வந்து, பாயில் சிதறிக் கிடந்த அட்டைகளைப் பொறுக்கினார்.

"டீச்சர், அடிச்சது என் கை."

"அடிக்கச் சொன்னது நான் சார்."

"இனிமே நான் கதை சொல்றதா இல்லை."

அவர் அப்படிச் சொன்னாரே தவிர, இரண்டு சனிக்கிழமைகள் விட்டு மூன்றாவது சனிக்கிழமை பிள்ளைகள் தாங்களே வந்து பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அன்று முதல் ஒவ்வொரு கதைக்கும் முன்னால், "இன்னைக்குக் கதையில சத்தம் கிடையாது" என்று ஒரு வாக்கியம் சேர்த்துக்கொண்டார். மெதுவான குரலிலேயே சொன்னார். பிள்ளைகள் நெருங்கி நெருங்கி உட்கார்ந்து, கடைசியில் அவர் மடியில்தான் பாதிப் பேர் இருப்பார்கள். அவர் குரலைத் திருத்தப் போனது என் வேலையே இல்லை என்று இப்போது நினைக்கிறேன். பின்னாளில் வேறு ஊர் நூலகங்களிலிருந்து ஆட்கள் பயிற்சிக்கு வந்தார்கள். எப்படி உட்கார வேண்டும், புத்தகத்தை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் இரண்டாம் நாள்தான். முதல் நாள் அவரவர் ஊர்த் தாய்மாரிடம் போய், உங்கள் பிள்ளை எதற்கு ஓடும், எதற்கு நிற்கும் என்று கேட்டு எழுதி வரச் சொல்வேன். சிலர் சலித்துக்கொள்வார்கள். நான் காரணம் சொல்வதில்லை.

அன்று மூன்று மணி ஆயிற்று. என் மாணவனின் அம்மா ஒரு செம்பில் நீர்மோர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடி தேடப் போனாள். நான்கு மணிக்கு வழக்கமாகச் செய்தித்தாள் படிக்க வருபவர்கள் வந்து, விஷயம் கேட்டு, படிக்காமல் வெளியே நின்றார்கள். ஏழு மணி பஸ்ஸில் இறங்கும் கணவரிடம் முதல் வார்த்தையாக எதைச் சொல்வது என்று யோசித்தேன். ஒரு வாக்கியமும் கூடவில்லை. நேரம் போகப் போக எனக்கு வேறொரு பயம் பிடித்தது. அக்கா சொல்லி வைத்திருக்காவிட்டால்? அட்டெண்டர் போன இடத்தில் அவர், 'எனக்கு என்ன தெரியும்' என்று கையை விரித்தால்? மகளின் இரண்டு செருப்புகளும் வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்தபடி இருந்தன. வெறுங்காலோடு ஓடியிருக்கிறாள். அவற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ஐந்தேகாலுக்குத் தெருமுனையில் ஆட்கள் விலகினார்கள். முதலில் அட்டெண்டர் தெரிந்தார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. அவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டு அக்கா. கம்பெனியில் வேலை முடிந்ததும் தொட்டியில் முகம் கைகால் கழுவிய பிறகுதான் வெளியே விடுவார்கள். அவர் கழுவாமல் வந்திருந்தார். தலைமயிர், புருவம், முழங்கை வரை எல்லாம் பட்டாசுக்குப் போடும் வெள்ளி மருந்து அப்பிச் சாம்பல் நிறத்தில் மினுங்கியது. அவர் இடுப்பில் என் மகள். அவள் கன்னத்திலும் கழுத்திலும் அந்த மினுக்கு.

புதுப்பட்டிப் பாதையில் ஊருக்கு வெளியே ஒரு சுமைதாங்கிக் கல் உண்டு. இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைப் படுக்கவைத்திருக்கும். நடந்து போகிறவர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்து இளைப்பாறுவார்கள். அதன் அடியில் ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறாள். அட்டெண்டர் போகும்போது அதைக் கடந்துதான் போயிருக்கிறார், அடியில் குனிந்து பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. ஒரு வண்டிக்காரர் கூப்பிட்டிருக்கிறார், ஆடு மேய்க்கிற பெண் ஒருத்தி கூப்பிட்டிருக்கிறாள். "பெரியம்மா வருவாங்க" என்று சொல்லிவிட்டு நகரவே இல்லையாம். இதெல்லாம் அட்டெண்டர் பிறகு சொன்னது.

நான் கையை நீட்டியபோது மகள் உடனே வரவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையசைத்த பிறகுதான் என்னிடம் தாவினாள். அவளைக் கட்டிக்கொண்டு நான் நடுத்தெருவில் சத்தம் போட்டு அழுதேன். பாளையங்கோட்டையில் படித்தவள், பாலர் வகுப்பு டீச்சர் என்பதெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது.

"அட, என்ன டீச்சர் இது? புள்ள சொன்ன சொல்லு மாறாம உக்காந்திருக்கு, நீங்க இந்த அழுக அழுகீக" என்றார் அக்கா. "காலையில தின்னதோட கெடக்கு அது. மொதல்ல சோத்தப் போடுங்க. அழுகைய அப்புறம் வச்சுக்கிடலாம்."

"ஏன் அக்கா எங்கிட்டச் சொல்லலை?" என்று கேட்டேன். கோபமில்லை. வேறு கேள்வி வாயில் வரவில்லை.

"தெரிஞ்சிருக்கும்னுல்ல நெனச்சேன். இந்த ஊருல இதப் போயி யாரு யாருக்குச் சொல்லுவாக?" அவர் தன் சேலையில் சுத்தமாக இருந்த ஒரே மூலையைத் தேடி எடுத்து, மகளின் கன்னத்திலிருந்த மருந்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அந்தக் கல்ல நாளைக்கு வந்து நீங்களும் பாத்து வச்சுக்கிடுங்க டீச்சர். ஒருநா சத்தம் எங்க கம்பெனியிலயே கேட்டு, நான் வராமப் போயிட்டா, இது பாட்டுக்கு அங்கனயேல்ல உக்காந்திருக்கும்."